கிராஃபீன் பேட்டரி வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்காக லைசென்ஸ் தேவைப்படாத மின்சார ஸ்கூட்டர் பார்க்கிறோம். ஒரே மாடலுக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். லித்தியம் பேட்டரி போட்ட வண்டியைவிட ‘கிராஃபீன் நானோ பேட்டரி’ போட்டது பதினெட்டாயிரம் ரூபாய் குறைவு. “கிராஃபீன்தான் மேடம் லேட்டஸ்ட், லித்தியம் மாதிரி தீப்பிடிக்காது” என்கிறார் ஷோரூம்காரர். நம்பலாமா?
– மன்னார்குடி வாசகி

பதில்: லேட்டஸ்ட் சரக்கு பழசைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றாலே கொஞ்சம் நின்று யோசிக்கணும். அடுத்த முறை போகும்போது, பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே செங்கல் மாதிரி நாலைந்து தனித்தனிப் பெட்டிகள் வரிசையாக இருந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர் போயிருந்தால், ஸ்டிக்கரில் சின்ன எழுத்தைப் படியுங்கள். 6-ஈவிஎஃப்-32 என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். 6 என்பது உள்ளே இருக்கும் அறைகள். அறைக்கு 2 வோல்ட், ஆக 12 வோல்ட். 32 என்பது ஆம்பியர்-மணி, அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. பக்கத்திலேயே குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படமும், அதன் கீழே ஈயத்தைக் குறிக்கும் பி.பி. எழுத்தும் இருக்கும். அப்படியானால் அது லெட்-ஆசிட் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கிறோமே, அதே குடும்பம்தான்.

கிராஃபீன் சுத்தப் பொய் என்று சொல்லமாட்டேன். ஓர் அணு கனம் மட்டுமே உள்ள கரித்தகடு அது. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பென்சில் கரியான கிராஃபைட்டில் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் வாங்கினார்கள். லெட்-ஆசிட் பேட்டரியின் எதிர்முனைத் தகட்டில் நாளடைவில் சல்ஃபேட் உப்பு கெட்டிதட்டிப்போகும். அரைகுறையாகச் சார்ஜ் போட்டு ஓட்டினால் இன்னும் சீக்கிரம். தகட்டுப் பசையில் கொஞ்சம் நுண்கரி கலந்தால் அந்தப் படிவு குறையும், சார்ஜும் சற்று வேகமாக ஏறும். உண்மையான பலன்தான். ஆனால் மோரில் பெருங்காயம் போட்டால் அது பெருங்காய மோர் ஆகுமே தவிர பாயசம் ஆகாது. சுமக்கப்போவது ஈயத்தைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 60 வோல்ட், 32 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 1,920 வாட்-மணி, கிட்டத்தட்ட இரண்டு யூனிட் கரண்ட். இதற்கு ஐந்து பெட்டி வேண்டும், ஒவ்வொன்றும் பத்துக் கிலோவை நெருங்கும். இதே இரண்டு யூனிட்டை லித்தியம் இருபது கிலோவுக்குள் முடித்துவிடும். லெட்-ஆசிட்டை அடிவரை இறக்கி ஏற்றினால் சில நூறு தடவைகளில் சோர்ந்துபோகும், நல்ல எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை லித்தியம் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

அப்பா தினமும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிறவர், மாடிக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போட வேண்டியதில்லை என்றால் ஈயப் பேட்டரியே போதும். பழசைப் போட்டுப் புதுசு எடுக்கும்போது ஈயத்துக்குக் காசும் கழிப்பார்கள். பில்லில் மட்டும் ‘லெட்-ஆசிட்’ என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். பின்னாளில் லித்தியத்துக்கு மாறினால் சார்ஜரையும் சேர்த்து மாற்றணும், இது முக்கியம்.

கேள்வி: ‘நானோ எல்.எஃப்.பி. பேட்டரி’ என்று ஓர் இன்வெர்ட்டருக்கு நாலாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். சாதாரண எல்.எஃப்.பி.க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– ஈரோடு வாசகர்

பதில்: பெயர்ப்பலகை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை 1990-களில் டெக்சாஸில் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பேட்டரிக்குக் கொண்டுவந்தபோது, அதற்குள் மின்சாரம் ஓடவே மாட்டேன் என்றது. துகள்களை நானோமீட்டர் கணக்கில் பொடித்து, மேலே கரிப்பூச்சு பூசிய பிறகுதான் அது வேலைக்கு உதவியது. (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் ஒரு கூறு, அதுதான் நானோமீட்டர்.) ஆக, கடையில் இருக்கும் எல்லா எல்.எஃப்.பி.யும் ஏறக்குறைய அந்த வழியில் வந்ததுதான். இட்லிக்கு ‘அரைத்த மாவு’ என்று தனி விலை வைப்பதுபோல இருக்கிறது. அந்த நாலாயிரத்துக்கு வாரண்டியில் எத்தனை வருடம் கூடுகிறது, எத்தனை வாட்-மணி கூடுகிறது என்று கேளுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் சாதாரணத்தையே எடுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் ஸ்கூட்டர் வருகிறதாம். நானோ கார்பன் குப்பியில் ஹைட்ரஜனை அடைத்து, காஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி மாற்றிக்கொள்ளலாமாம். டீலர்ஷிப்புக்கு இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். தம்பி துடிக்கிறான்.
– சிவகாசி வாசகர்

பதில்: தம்பியைப் பிடித்து உட்கார வையுங்கள். கார்பன் நானோகுழாய் (கரித்தகட்டைச் சுருட்டியதுபோன்ற மிக நுண்ணிய குழாய்) ஹைட்ரஜனை ஏராளமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று 1997-இல் ஓர் ஆய்வு வந்து உலகமே பரபரத்தது. மற்ற ஆய்வகங்களில் அந்த அளவு வரவில்லை. 2006-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, சாதாரண வெப்பநிலையில் வண்டிகளுக்கு இது சரிப்படாது என்று அந்த வழியையே கைவிட்டது. உலோகத்தில் ஹைட்ரஜனை அடைக்கும் குப்பிகள் உண்மையில் உண்டு. ஆனால் லாந்தனம்-நிக்கல் கலவையில் எடைக்கு நூற்றில் ஒன்றரைப் பங்குகூட ஏறாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எழுபது கிலோ உலோகம்! டொயோட்டாவே மிராய் ஹைட்ரஜன் காரில் 700 பார் (காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 700 மடங்கு) அழுத்தத் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறது.

முன்பணம் கேட்பவரிடம் இரண்டு தாள் கேட்கச் சொல்லுங்கள். குப்பிக்கு நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் ஒன்று. வண்டிக்கு அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றிதழ் ஒன்று. ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்று பதில் வந்தால் அது வந்த பிறகு பேசலாம் என்று எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டான் என்றால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எதையும் அழிக்க வேண்டாம். அவற்றை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண் வாங்கிய பொருளுக்குத்தான். லாபம் பார்க்கப் போட்ட பணத்துக்கு அங்கே வழி கிடைப்பது கஷ்டம்.