சர்க்கரை கிடக்கட்டும், அந்த ஊசியை யார் போடச் சொன்னது?

கேள்வி: எனக்கு வயது 38, மனைவிக்கு 36. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. போன வருஷம் எடுத்த விந்துப் பரிசோதனை நார்மல்; மனைவியின் பரிசோதனைகளும் நார்மல். விந்தணுவின் மேல் சர்க்கரைப் பூச்சு இல்லாவிட்டால் கருமுட்டையில் ஒட்டாது என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. டி-மேனோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பவுடர் சாப்பிடுகிறேன். டீயில் சர்க்கரையை நிறுத்தியது தவறா? இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்பது காரணமா? மற்றபடி, சோர்வுக்காக ஜிம்மில் சொன்னபடி ஆறு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறேன். குறை என்னிடம்தானா?

பதில்: டீ எப்படிக் குடித்தாலும் சரி. செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை உடம்பு மரபணு சொல்கிறபடி தானே கட்டிக்கொள்கிறது. டம்ளரில் கரைத்துக் குடிப்பது அங்கே போய் ஒட்டாது. டி-மேனோஸ் பவுடரும் அப்படித்தான், பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். நிறுத்திவிடுங்கள். ரத்தப் பிரிவு ஏ, பி, ஓ என்பதும் செல்லின் மேலுள்ள சர்க்கரைகளை வைத்துப் பிரித்ததுதான். ஆனால் கணவன் மனைவிக்கு ஒரே பிரிவு இருந்தால் குழந்தை பிறக்காது என்பது வெறும் கதை.

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, இரண்டு ஆராய்ச்சிகளைக் குழப்பிய அரைகுறை. விந்தணு முதலில் ஒட்டிக்கொள்ள உதவும் சர்க்கரை இருப்பது கருமுட்டையைச் சுற்றியுள்ள உறையில். அதன் பெயர் சியாலில் லூயிஸ் எக்ஸ், 2011இல் கண்டுபிடித்தார்கள். உடம்பில் ஓரிடத்தில் கிருமி நுழைந்தால், ஓடும் ரத்தத்தில் போகும் வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து நிற்க உதவுவதும் இதே சர்க்கரைதான். ஒட்டுவது சர்க்கரையாலா, அதைத் தாங்கும் புரதத்தாலா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை. உறையைத் தாண்டிய பிறகு நடக்கும் பிணைப்புக்கு இரண்டு புரதங்கள் வேண்டும்: விந்தணுவில் இசுமோ, முட்டையில் ஜூனோ.

விந்தணுவுக்கும் ஒரு சர்க்கரைப் போர்வை உண்டு. கருப்பை வாயின் சளியை வழுக்கிக் கடக்கவும், பெண்ணின் எதிர்ப்பு சக்தி கண்ணில் படாமல் போகவும் அது உதவுகிறது. டிஃபென்சின் 126 என்ற மரபணுவின் இரண்டு பிரதியிலும் பழுது இருந்தால் போர்வை மெலிகிறது. எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் நார்மலாகவே இருக்கும். உங்களைப் பயமுறுத்தியது இந்தச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்களில் பலருக்கும் குழந்தை பிறந்தது; வாய்ப்பு கொஞ்சம் குறைவு, தாமதமும் ஆனது, அவ்வளவுதான். அப்படியே ஒட்டாமல் போனாலும் வழி இருக்கிறது. 1992 முதல் இக்ஸி இருக்கிறது: ஒரே ஒரு விந்தணுவை ஊசியில் எடுத்து முட்டைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சளி, உறை, ஒட்டுதல் எதுவும் குறுக்கே வராது.

ஆனால் இக்ஸிக்கும் விந்தணு வேண்டுமே! அதற்குத்தான் நீங்கள் உலை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

'ஊசி மட்டும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் பயப்படுவது அந்த ஒரு வரிக்குத்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை முடிவு செய்து, விரைகளுக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களை நிறுத்திவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏராளமாக இருக்கும், விரைக்குள் வறண்டுவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்யம் வரை. உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை வாரம் ஒன்று போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று தவிக்கிற நீங்கள் கருத்தடை ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்! உங்கள் நார்மல் ரிப்போர்ட் ஊசிக்கு முந்தியது. இன்றைக்கு அதற்கு மதிப்பில்லை.

பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் உற்பத்தி திரும்பும். ஆனால் ஒரு விந்தணு உருவாகி முதிரவே மூன்று மாதம் போல ஆகும்; முழுதாக மீள ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அடுத்த ஊசியைப் போடாதீர்கள். இந்த வாரமே ஆண் மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை தெரிந்த யூராலஜிஸ்டைப் பாருங்கள். புதிய விந்துப் பரிசோதனை, எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பார். நிறுத்தியதும் சில வாரம் சோர்வும் மனச்சோர்வும் வரலாம். அதற்காக ஜிம்மில் சொல்லும் 'மீட்பு மாத்திரை' எதையும் தொடாதீர்கள். சோர்வுக்கு என்ன காரணம் என்றும் அவரிடமே கேளுங்கள். தைராய்டு, சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சடைப்பு என்று அதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

அதுவரை மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு நிற்காவிட்டாலே மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். உங்களுக்கு மூன்று ஆண்டாகிவிட்டது. இருவரும் சேர்ந்தே போங்கள். போகும்போது அந்த ஊசியின் காலி பாட்டிலையும் அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள். ஜிம்மில் கைமாறும் மருந்தில், லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.