துவக்கை எப்போது கீழே வைத்தார்கள்?

கேள்வி: ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகுதானே தென்னாபிரிக்க வெள்ளை அரசு பேச வந்தது? எம்மவர்களுக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நடந்தது நேர்மாறு. வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று 1985 ஜனவரியில் வெள்ளை அரசின் ஜனாதிபதி போத்தா ஆசை காட்டினார். சிறையிலிருந்த காங்கிரஸ் தலைவர் மண்டேலா மறுத்தார். அந்த மறுப்பை அவருடைய மகள் சொவேட்டோ மைதானத்தில் சனங்களின் முன் வாசித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் வெள்ளை முதலாளிகள் சாம்பியாவுக்குப் பறந்துபோய், அங்கே புகலிடம் பெற்றிருந்த காங்கிரஸின் தலைவர் ஒலிவர் தாம்போவைச் சந்தித்தார்கள். 1987இல் வெள்ளைப் பிரமுகர்களோடு செனகலின் டக்காரில் பகிரங்கமாகவும் இங்கிலாந்தில் இரகசியமாகவும் பேச்சுகள் நடந்தன. இத்தனைக்கும் போராட்டம் நிற்கவில்லை. ஆயுத நடவடிக்கையை நிறுத்திவைத்தது 1990 ஓகஸ்ட் 6ஆம் திகதி. காங்கிரஸ் மீதான தடை நீங்கி ஆறு மாதம் கழித்துத்தான்! அதுவும் தற்காலிக நிறுத்தம், ஆயுதக் கையளிப்பு அல்ல. அதை முன்மொழிந்தவர் ஆயுதப் பிரிவின் தளபதிகளில் ஒருவராக இருந்த ஜோ ஸ்லோவோ.

ஆயுதத்தால்தான் வென்றார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அங்கோலா, கியூபா, தென்னாபிரிக்கா மூன்றும் செய்த 1988 டிசெம்பர் உடன்படிக்கையோடு காங்கிரஸார் தங்கள் அங்கோலா முகாம்களை விட்டுப் போக வேண்டியிருந்தது. மறுபக்கம் வெள்ளை அரசுக்குப் பொருளாதாரத் தடை, கடன் நெருக்கடி, தொழிற்சங்கங்கள், அடங்காத நகர்ப்புறக் குடியிருப்புகள். இரண்டு பக்கமும் முட்டுச்சந்தில் நின்றன.

நாம் கூர்ந்து பார்க்கவேண்டியது 1989ஐ. பேச்சுக்கு முன்பே காங்கிரஸார் நடைமுறையை எழுதிவிட்டார்கள்: தடை நீக்கம், கைதிகள் விடுதலை, குடியிருப்புகளிலிருந்து படை விலகல், அவசரகாலச் சட்ட நீக்கம், அதன் பிறகு போர்நிறுத்தம், இடைக்கால அரசு, புதிய அரசியலமைப்பு. அந்த வரைவைத் தூக்கிக்கொண்டு தாம்போ அண்டை நாடுகளின் தலைவர்களிடம் ஓடியோடி ஆதரவு திரட்டினார். ஓகஸ்டில் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. சில நாளில் ஆபிரிக்க நாடுகள் சிம்பாப்வேயின் ஹராரேயில் அதை ஏற்றன. டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் அதையொட்டிய பிரகடனத்தை நிறைவேற்றியது. போத்தாவுக்குப் பின் ஜனாதிபதியான டி கிளார்க் வாய் திறப்பதற்கு முன்னரே நிபந்தனைகள் உலகத்தின் நிபந்தனைகளாகிவிட்டன.

எம்மவர்களிடமும் தாள் இல்லாமலில்லை. 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் நான்கு கோட்பாடுகளை எல்லாத் தமிழ் இயக்கங்களும் சேர்ந்தே வைத்தன. ஆனால் எந்தப் படிக்குப் பிறகு எது என்ற ஒழுங்கு அதில் இல்லை, அதற்குப் பின்னால் நாடுகளைத் திரட்டவும் இல்லை. பிறகு ஒற்றுமையும் போயிற்று, அதுவும் சகோதர இரத்தத்தில். 2003இல் புலிகள் ஏப்ரலில் மேசையை விட்டு எழுந்தார்கள், இடைக்கால நிர்வாக யோசனையை ஒக்டோபர் கடைசியில்தான் அனுப்பினார்கள். இது எம் பக்கத்துத் தவறு, மறைக்கத் தேவையில்லை.

சரி, யோசனை வந்த பிறகு கொழும்பில் நடந்தது என்ன? சில நாட்களில் ஜனாதிபதி சந்திரிகா, பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைப் பிரதமர் ரணிலின் அரசிடமிருந்து பறித்தார். பேசவேண்டிய அரசின் கையில் படையே இல்லாமல் போயிற்று. புத்தி ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்வியில் பாதியை அந்தப் பக்கமும் அனுப்பிவையுங்கள், ஐயா.