எதில் மூன்றில் ஒன்று?

வணக்கம் சார்,

கொளத்தூரிலிருந்து எழுதுகிறேன். மகன் எட்டாம் வகுப்பு. சமன்பாடாகக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுகிறான். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவை மூடிவிடுகிறான். போன வாரத் தேர்வில் வந்த கணக்கு இது: 'எண்ணெய் நிரம்பிய டின்னின் எடை 5 கிலோ. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தபின் 3.5 கிலோ. காலி டின்னின் எடை என்ன?' ஐந்தை மூன்றால் வகுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். எனக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, கோபம்தான் வந்தது. அவனுக்குக் கணக்கு வராதா?

அன்புள்ள சகோதரிக்கு,

வரும். ஐந்தை மூன்றால் வகுத்தான் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்றால் வகுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எதை வகுப்பது என்பதில்தான் தடுமாறிவிட்டான். பெரம்பூரில் பல வருடம் டியூஷன் எடுத்தேன். எடைக் கணக்கில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போங்கள். கேஸ் சிலிண்டரின் மேல்பக்கம், காலி சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பதில் 15.8. உள்ளே கேஸ் 14.2 கிலோ. ஆக மொத்தம் 30. பாதி கேஸ் தீர்ந்தபின் சிலிண்டர் 15 கிலோ இருக்குமா என்று கேளுங்கள். சட்டென்று ஆமாம் என்பான். கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். இரும்பு எங்கே தீரும்? கேஸ் மட்டும்தான் தீர்கிறது. 7.1 குறைந்து 22.9 இருக்கும்.

இது புரிந்ததும் டின் கணக்குக்கு வாருங்கள். 5 கிலோ 3.5 ஆனது. வெளியே போனது 1.5. போனது வெறும் எண்ணெய், அதிலும் மொத்த எண்ணெயில் மூன்றில் ஒன்று. அப்படியானால் எண்ணெய் 4.5 கிலோ, டின் அரை கிலோ. சமன்பாடாக எழுதும்போது எக்ஸ் கூட வேண்டாம், 'எ' என்றே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பக்கத்திலேயே 'எ = எண்ணெயின் எடை, கிலோவில்' என்று முழுதாக எழுத வேண்டும். வெறுமனே 'எ = எண்ணெய்' என்று எழுதும் பிள்ளை மூன்றாவது வரியில் டின்னையும் அதற்குள் சேர்த்துவிடும்.

இதைவிட அதிகமாகக் குழப்புவது 'மீதியில்' என்ற சொல். கடைக்காரர் ஒரு மூட்டை அரிசியில் காலையில் நான்கில் ஒரு பங்கை விற்றார், மாலையில் மீதியில் மூன்றில் ஒரு பங்கை விற்றார், 30 கிலோ இருக்கிறது, மூட்டை எவ்வளவு? பிள்ளைகள் இரண்டு பின்னத்தையும் கூட்டி, மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 எடுத்து, பன்னிரண்டில் ஏழு போனது, மிஞ்சிய ஐந்து பங்குதான் 30 என்று வைத்து, 72 என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருக்கும், விடை மட்டும் தப்பு. 72-ஐத் திரும்பக் கடைக்கே அனுப்பிப் பாருங்கள். காலையில் 18 போய் 54. அதில் மூன்றில் ஒன்று 18 போய் 36. கணக்கு சொல்வதோ 30.

ஒரு நீளக் கட்டம் போட்டு நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்றை அடித்தால் மீதி மூன்று. அந்த மூன்றில் ஒன்றையும் அடித்தால் இரண்டு கட்டம், அதுதான் 30. ஒரு கட்டம் 15, மூட்டை 60.

'எதில்' என்ற இந்தக் கேள்வியை நம் பழைய கணக்கு சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. 'முக்காலே மூணு வீசம் முடிஞ்சது' என்று என் பாட்டி சொல்வார். வீசம் பதினாறில் ஒன்று, ஆகவே பதினாறில் பதினைந்து பங்கு வேலை முடிந்தது என்று கணக்கு.

எகிப்தில் ஏறத்தாழ 3500 வருடத்துக்கு முன் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19, அந்த அளவு என்ன? எக்ஸ் இல்லாத காலம். விடை 7 என்று வைத்துப் பார்க்கிறார்கள், 8 வருகிறது. 8 எத்தனை மடங்கானால் 19 ஆகுமோ, 7-ஐயும் அத்தனை மடங்காக்குகிறார்கள். கிடைத்த விடையைப் பதினாறு, அரை, எட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். நம் வாயில் அது பதினாறரையே அரைக்கால்! முதன்முதலில் இதைக் கவனித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் மகனும் இப்படி ஒரு எண்ணை வைத்துப் பார்க்கட்டும். அரிசி மூட்டையை 12 கிலோ என்று வைத்தால் 6 மிஞ்சும், வேண்டியது 30, ஐந்து மடங்கு, ஆகவே 60. ஆனால் டின் கணக்கில் இது நேரடியாகச் செல்லாது. டின்னின் எடை எண்ணெயோடு சேர்ந்து பெருகாது அல்லவா.

கோபத்தை விடுங்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவனிடம் இந்த ஒன்றைக் கொடுங்கள்: ஒரு செங்கல்லின் எடை, ஒன்றரை கிலோவும் அதே செங்கல்லில் பாதியும் சேர்ந்தது. செங்கல் எத்தனை கிலோ? விடையை அவனே எனக்கு எழுதட்டும், கட்டம் போட்ட தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்.