பெல்டியர் மாற்றியும் குளிராத பெட்டி: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வீட்டிலேயே யோகட் செய்து விற்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் வவுனியாவில் 12 வோல்ற் குளிர்ப்பெட்டி ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். குளிர் காணாது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு கிளிநொச்சியில் ஒரு திருத்தகத்தில் கொடுத்தேன். யோகட்டுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். "பெரிய பெல்டியர் போட்டால் ஐந்து பாகைக்கு இறங்கும் அக்கா" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி 14,500 ரூபா வாங்கினார். (பெல்டியர் என்பது மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறிய வில்லை; இந்தப் பெட்டியைக் குளிர்விப்பது அதுதான்.) வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோன யோகட் எல்லாம் புளித்துவிட்டது. பெட்டி முன்னைவிடச் சூடாகிறது. விற்ற கடையோ, திறந்த சாமானுக்கு வாரன்ரி இல்லை என்கிறது.

பதில்: விற்ற கடையை விடுங்கள். பெட்டியைக் கழற்றி உள்ளே இருந்ததை மாற்றிய பிறகு அங்கே வாரன்ரி கேட்டு நிற்பது வீண் அலைச்சல். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க விற்பனையிலிருந்து மூன்று மாதம்தான். அது சித்திரையோடு போய்விட்டது. அதோடு, இந்த வகைப் பெட்டிகள் பொதுவாக வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 பாகை வரைதான் இறக்கும். வைகாசி வெயில் 35 பாகை என்றால் உள்ளே பதினைந்துக்குக் கீழ் போகாது. அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

திருத்தகக்காரரின் கதை வேறு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவுப்படி, சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார், போடும் பொருள் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தேவை இன்னது என்று நீங்கள் முதலே சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதிய பெல்டியரில் 12715 என்று இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் அம்பியர்: உச்சமாக 15. அடப்டரிலோ 12 வோல்ற், 5 அம்பியர். பின்பக்கத்து அலுமினியத் தகடும் விசிறியும் பழையவை. பெல்டியர் உள்ளே இருந்து எடுக்கும் வெப்பமும் அது தின்னும் மின்சாரமும் சேர்ந்து அந்தத் தகட்டால்தான் வெளியேற வேண்டும். தகடு தாங்காவிட்டால் சூடு திரும்பப் பெட்டிக்குள்ளேயே வரும். பெரியதைப் போட்டவர் தகட்டையும் விசிறியையும் அடப்டரையும் மாற்றியிருக்க வேண்டும். மின்வேலை தெரிந்த இன்னொருவரிடம் இதையே இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குரல்பதிவை அழிக்காதீர்கள். பில்லில் "கூலர் வேலை" என்று மட்டும் இருப்பதால் அந்தக் குரல்தான் உங்கள் முதல் சாட்சி.

முதலில் பணத்தைத் திருப்பித் தரும்படி 14 நாள் தவணை வைத்துப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து அதிகாரசபையைத் தவறவிடாதீர்கள். திருத்திய நாளிலிருந்து மூன்று மாதம் ஆடி பிறக்கும் அளவில் முடியும். மாவட்டச் செயலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்குங்கள். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அது சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. இந்தளவு தொகைக்கு அங்கே போகாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும் (சொல்லப்போனால் பல வழக்குகள் அதனால்தான் சீக்கிரம் முடிகின்றன). வாய்மொழி ஒப்பந்தம் என்பதால் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, பதற வேண்டாம்.

புளித்த யோகட்டுக்கும் கேட்கலாம், ஆனால் கணக்கு வேண்டும்: பால் வாங்கிய துண்டு, கோப்பை வாங்கிய பில், கொட்டியதைப் பார்த்த ஒருவர். இவை இல்லாவிட்டால் 14,500 ரூபாவையும் பெட்டிக்கு வந்த சேதத்தையும் மட்டும் கேளுங்கள். கூட்டிச் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

திருத்தகக்காரர் "கொண்டுவாங்கோ, சும்மா செய்து தாறன்" என்றால், என்ன மாற்றுவார், எந்த நாளுக்குள் தருவார் என்று எழுதி வாங்காமல் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.