புளியமுத்து

(2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கின்போது வந்த கடிதமும் அதற்கான பதிலும்)

வணக்கம் சார்,

கோவையிலிருந்து எழுதுகிறேன். மார்ச் 25-லிருந்து வீட்டுக்குள்தான் இருக்கிறோம். இப்போது ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு வேறு, மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. மனதை உற்சாகமாக வைத்துக்கொள்ள என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். யோகா, டல்கோனா காப்பி, மொட்டைமாடியில் கீரை, ஆன்லைனில் ஓவிய வகுப்பு, இரவில் வெப் சீரிஸ். எல்லாமே மூன்று நாள்தான். மாமியார் காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், அது வேறு மனச்சோர்வு. எத்தனையோ பேர் ஊருக்கு நடந்தே போகிற நேரத்தில் நாம் சந்தோஷத்துக்கு வழி தேடுவது சரியா என்றும் தோன்றுகிறது. வீட்டில் இருந்தபடியே தெம்பாக இருக்க என்ன செய்யலாம்? ஒரு பட்டியல் தருவீர்களா?

க., கோவை

அன்புள்ள க.,

பட்டியல் தரமாட்டேன். உங்களிடமே ஒன்று இருக்கிறது, நல்ல பட்டியல்தான். யோகாவை விடாதீர்கள். கீரைக்கு மூன்று நாள் எப்படிப் போதும்? மூன்று வாரமாவது தண்ணீர் ஊற்றுங்கள். ஓவிய வகுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நடந்து போகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சோர்ந்து உட்கார்ந்திருப்பதால் அவர்களில் ஒருவருக்கும் ஒரு வாய் சோறு கிடைக்கப் போவதில்லை. உங்கள் ஊர் மில்லிலும் பவுண்டரியிலும் வேலை பார்த்த வடநாட்டுப் பிள்ளைகள் சின்னச் சின்ன அறைகளில் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு யார் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அரிசியோ பணமோ கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்து தாராளமாகச் சிரியுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விக்காக இல்லை. மாமியாரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்காக. 'அது வேறு மனச்சோர்வு.' அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

அவர் ஏன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நாள் முழுக்கச் சொல்கிறார்கள். சாயங்காலம் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து அன்றைய கணக்கைப் படிக்கிறார். நமக்கு அது ஊர்ச் செய்தி. அவருக்குத் தன்னைப் பற்றிய செய்தி. அதை அவர் தனியாக உட்கார்ந்து கேட்கிறார். நீங்கள் எழுதிய ஐந்து காரியத்தில் ஒன்றிலாவது அவருக்கு இடம் இருக்கிறதா? காப்பியையாவது இரண்டு டம்ளர் போட்டீர்களா?

எழுத்தில் மாமியார் என்கிறீர்கள். நேரில் அத்தை என்றுதானே கூப்பிடுவீர்கள்? ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எனக்கு என் அத்தை ஞாபகமாகவே இருக்கிறது. அப்பாவின் அக்கா.

1979 பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. அப்போது ஒன்பது வயது, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். பெரியம்மை 1975-லேயே நாட்டை விட்டு ஒழிந்துபோயிருந்தது, எனக்கு வந்தது சின்னம்மைதான். ஆனாலும் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகியதும் வீட்டுக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. தாளிப்பு கிடையாது. தங்கையை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா திண்ணையோடு சரி. தனிமைப்படுத்தல் என்று இப்போது டிவியில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதை அன்றைக்கு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னோடு உள்ளே இருந்தது அத்தை. அவளுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு அம்மையும் வந்து போயிருந்தன, முகமெல்லாம் தழும்பு. சின்ன வயதிலேயே புருஷனையும் இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அடுப்படியில் இருப்பாள், இருப்பதே தெரியாது.

மூன்றாம் நாள் அரிப்பு தாங்கவில்லை. சொறிந்துகொண்டே கிடந்தேன். அத்தை பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்து, பாயில் எனக்கு எதிரே வைத்தாள். "கை சும்மா இருந்தாத்தானே சொறிவே" என்றாள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியமுத்து. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வெறுமை என்றால் ஒன்றும் கிடையாது, ஆட்டம் எதிராளிக்கு. நடுவில் ஏதாவது குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

எனக்கு உடம்பெல்லாம் முத்து, அத்தை கையில் புளியமுத்து. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்ததைப் பாய் ஓரத்தில் குவித்துவிட்டு, "பாரு, இத்தனை முத்து இறங்கிருச்சு" என்பாள். நான் நம்பினேன். அவள் நிறைய ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே விளையாடினேன்.

இன்னொன்றும் நடந்தது. அத்தை பேச ஆரம்பித்தாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. குழியைப் பார்த்துக்கொண்டே, முத்தைப் போட்டுக்கொண்டே, ராஜபாளையத்தில் வாழ்ந்த ஒரே ஒரு வருஷத்தைச் சொன்னாள். அவர் வாங்கிக்கொடுத்த அரக்குக் கலர் சேலை. கிணற்றில் விழுந்த வாளியை இரண்டு பேருமாக எடுத்தது. எதிரே உட்கார்ந்து 'ஏதாவது சொல்லுங்க அத்தை' என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. கண் குழியில் இருந்தது, கைக்கு வேலை இருந்தது, அதனால் வந்தது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். வயதானவர்களிடம் 'மனசு விட்டுப் பேசுங்க' என்று போய் நிற்காதீர்கள். ஒரு முறம் முருங்கைக்கீரையை நடுவில் வைத்து இரண்டு பேரும் ஆயுங்கள், பூ கட்டுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். எதிராளி இல்லாமல் நடக்காத காரியமாக இருக்க வேண்டும். அவர் வந்து உட்கார்ந்தால்தான் ஆட்டம் என்று இருக்கும்போது அவர் வீட்டுக்கு வேண்டியவர் ஆகிறார். நீங்களும்தான்.

மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு என்னை வெளியே விட்டார்கள். அன்று சாயங்காலம் அத்தை குழிக்கு ஐந்து முத்து போட்டு, பலகையைக் கூடத்தில் வைத்திருந்தாள். நான் பந்து விளையாடப் போய்விட்டேன். மறுநாளும் போனேன். நாலைந்து நாள் முத்து போட்டபடியே இருந்தது அந்தப் பலகை. அப்புறம் பரணுக்குப் போய்விட்டது. 1986-ல் அத்தை போனாள். அதுவரை நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். இது புளி சீசன். கொட்டை எடுக்காத புளி வீட்டில் இருந்தால் இரண்டு பேருமாக உட்கார்ந்து தட்டி எடுங்கள், எழுபது முத்து ஒரு மணி நேரத்தில் தேறிவிடும். பலகை இல்லாவிட்டால் சாக்பீஸில் பதினான்கு வட்டம் போதும். அத்தைக்குக் கீழே உட்கார முடியாதென்றால் கட்டிலில் பதினான்கு கிண்ணம் வையுங்கள். டிவியை அணைக்கச் சொல்லாதீர்கள், ஓடட்டும். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள்.

எங்கள் பக்கம் நாலு சேர்ந்தால் பசு. ஊருக்கு ஊர் முறை மாறும். உங்கள் அத்தை பிறந்த ஊரில் எப்படி ஆடுவார்கள் என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.