சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், டாக்டர்!

கேள்வி: எனக்கு 36 வயது, இப்போது 15 வாரம். முதல் பிரசவத்தில் எட்டாம் மாதம் பிபி ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இந்த முறை செக்கப் போன இடத்தில் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதி, ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். அது இதய நோய் மாத்திரை, கரு கலைந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் உப்பில்லாமல் சமைத்துப் போட்டு, படுத்தே இரு என்கிறார். வளைகாப்பு முடிந்து ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்த ஸ்டிக்கர். அது உங்களைப் பயமுறுத்த ஒட்டியதில்லை அம்மா, எங்களுக்காக ஒட்டியது. ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் போய் நிற்கும்போது, உங்களை அதுவரை பார்த்தே இராத ட்யூட்டி டாக்டருக்கும் அட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிய வேண்டும், அவ்வளவுதான். 36 வயது ஒரு காரணம், பழைய ஆபரேஷன் இன்னொன்று. ஆனால் போன முறை பிபி ஏறியதுதான் முக்கியக் காரணம், ஒருமுறை அப்படி வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் வருவதில்லை.

அதைத் தள்ளிப்போடத்தான் ஆஸ்பிரின். நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், குறைந்த அளவில். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர்விடும் காலத்திலேயே, அதாவது 12 முதல் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கும், அதனால் உங்கள் டாக்டர் சரியான நேரத்தில்தான் கொடுத்திருக்கிறார். கரு கலையாது. எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும், அக்கா வேண்டாம்.

உப்பில்லாத சாப்பாட்டால் இந்த பிபி வராமல் போவதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் (முதுநகரில் இருந்துகொண்டு கருவாட்டைக் குறைப்பது கஷ்டம்தான்), குழம்பில் வழக்கமான உப்பு இருக்கட்டும். படுத்தே கிடப்பதும் தேவையில்லை. நாள் முழுக்க அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். மதியம் ஒரு மணி நேரம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், போதும். மாமியார் அக்கறையில் சொல்கிறார், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி வைப்பது நல்லது. கை மேல் கட்டுவது மட்டும்தான், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். மாடிப்படி ஏறி வந்த கையோடு, புடவை ஜாக்கெட் மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு 150 என்று அழுதுகொண்டு வருகிறார்கள்! ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால் தரையில் இருக்கட்டும், பட்டை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில். தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 160/110 என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் விரலும் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி... இந்தக் கடைசி வலியைத்தான் வாயு என்று இஞ்சிக் கஷாயம் குடித்து ஒரு ராத்திரியைக் கடத்திவிடுகிறார்கள். கல்லீரல் பாதிக்கப்படும்போதும் அப்படித்தான் வலிக்கும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரசவம் ஆகிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை, ஆறு வாரம் வரை கவனம் தேவை.

அம்மா வீட்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். டாக்டர் சரி என்றால் மட்டும் வளைகாப்பு முடிந்து போய், இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கடைசி மாதங்களில் ரத்த வங்கி, மயக்க டாக்டர், பச்சிளங்குழந்தை வார்டு மூன்றும் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவை இங்கே வரச் சொல்லுங்களேன். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையா, புதுச்சேரியா என்பதை இப்போதே டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள், வலி வந்த பிறகு விவாதம் வேண்டாம். இன்னொன்று, பழைய தையல் மேல் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்களா, கேளுங்கள்.

கேள்வி: குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 158. நான் இனிப்பே தொடுவதில்லை. கட்டாயம் சிசேரியன்தானா?
- 27 வார கர்ப்பிணி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. 140-க்கு மேல் போனால் கர்ப்பகாலச் சர்க்கரை என்போம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடுவதில்லை, நீங்கள் லட்டு சாப்பிட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது. சோற்றைப் பாதியாக்கி, காய், சுண்டல், மீன், முட்டையைக் கூட்டுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குள் நின்றால் பலருக்கு மருந்தே வேண்டியிருக்காது. நிற்காவிட்டால் இன்சுலின் போடச் சொல்வார்கள், ஊசி என்று மறுக்காதீர்கள், அது குழந்தைக்குப் போகாது. குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து அதே குளுக்கோஸ் தண்ணீரை இன்னொரு முறை குடிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குத்தான் யாரும் வருவதில்லை, நீங்களாவது வாருங்கள்.