ஜெல் மட்டும்தானே செய்கிறோம், அதுவும் ஏற்றுமதிக்குத்தானே?

கேள்வி: மதுரையில் அகர் அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லாக உறையும் பொருள்) தயாரிக்கும் சிறிய ஆலை எங்களுடையது. நானும் தம்பியும் பங்குதாரர்கள். இடம் வாடகை ஷெட். மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் சரக்கு கொடுத்து வருகிறோம். இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புது ஆர்டருடன் வந்திருக்கிறது. அகர், கிளிசரின், நிகோட்டின் சேர்த்து ஜெல் காய்ச்சி, அவர்கள் தரும் அளவில் சின்னச் சின்ன உருளைகளாக வெட்டி அனுப்ப வேண்டும். புகையிலையைச் சூடாக்கி இழுக்கும் கருவிக்குள் வைப்பதற்காம். கருவியை நாங்கள் தொடப்போவதே இல்லை. சரக்கு முழுவதும் ஏற்றுமதி. மாதிரிக்கென்று கொஞ்சம் முன்பணமும் வந்துவிட்டது. இதற்கு எச்எஸ்என் குறியீடே (சரக்கு வகைக்குத் தரும் எண்) இருக்கிறது, தைரியமாகச் செய்யுங்கள் என்கிறார் ஆலோசகர். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். மாதிரிகூடக் காய்ச்ச வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போட்டிருந்தாலும் வெளியே வர வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம்தான் உங்கள் குறுக்கே நிற்பது. அந்த ஆண்டு செப்டம்பர் 18-இல் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. இ-சிகரெட்டுக்கு மட்டும்தான் தடை, சூடாக்கும் கருவிக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்க ஆவி உண்டாக்கும் மின்னணுக் கருவிகள் எல்லாமே இதற்குள் அடங்கும். எரிக்காமல் சூடாக்கும் தயாரிப்புகளும் இ-ஹூக்காவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சூடாக்கப்படும் பொருளில் நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே, "நிகோட்டினை நாங்கள் அங்கே சேர்த்துக்கொள்கிறோம், நீங்கள் வெறும் ஜெல்லாக அனுப்புங்கள்" என்று அவர்கள் இறங்கி வந்தாலும் உங்கள் நிலை மாறாது. அந்தப் பொருள் திடமா, திரவமா, ஆவியா என்பதும் முக்கியமில்லை என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஜெல்லுக்குத் தனி வழி கிடையாது.

உங்களுக்கு மிகவும் முக்கியமானது நான்காம் பிரிவு. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம் என்று எல்லாவற்றையும் தடுக்கிறது. முழுத் தயாரிப்பாக இருந்தாலும், அதன் ஏதாவது ஒரு பாகமாக இருந்தாலும், நேரடியாகச் செய்தாலும் மறைமுகமாகச் செய்தாலும் தடைதான். ஏற்றுமதி என்ற சொல் அதிலேயே இருக்கிறது. வாங்குகிறவர் நாட்டில் அந்தக் கருவி கடையில் வெளிப்படையாக விற்கலாம். ஜப்பானில் 2014 முதலே விற்கிறது. ஆனால் காய்ச்சுவதும் வெட்டுவதும் மதுரையில் நடக்கிறதே, அதற்கு இங்கேயுள்ள சட்டம்தான். மாதிரிக்கு விலக்கு எதுவும் கிடையாது. ஒரு சிறு டப்பாவைக் கூரியரில் போட்டாலே உற்பத்தி, போக்குவரத்து, ஏற்றுமதி மூன்றும் செய்தவர் ஆகிறீர்கள்.

"ஜெல் என்பது கருவியின் பாகம் அல்ல, கருவி சூடாக்கும் சரக்கு மட்டுமே" என்று ஒரு வாதம் உண்டு. நாளைக்கு உங்கள் மீது வழக்கு வந்தால் நானே அதை நீதிமன்றத்தில் வைப்பேன். ஆனால் வழக்கில் எடுக்க வேண்டிய வாதத்தை நம்பித் தொழில் தொடங்கக் கூடாது. அவர்கள் வரைபடம் அனுப்பி, அந்தக் கருவிக்கென்றே விட்டமும் நீளமும் பார்த்து வெட்டச் சொல்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் செய்தோம் என்று சொல்ல முடியாது.

ஆலோசகர் சொன்ன குறியீடு உண்மைதான். எரிக்காமல் உள்ளிழுக்கும் புகையிலை, நிகோட்டின் பொருள்களுக்கு 2404 என்ற தலைப்பு 2022 ஜனவரி முதல் நம் சுங்கப் பட்டியலில் இருக்கிறது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் வகைப்பாடு அது. பொருளுக்கு எண் கொடுப்பது வேறு, செய்ய அனுமதி கொடுப்பது வேறு. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் அப்படித்தான், இந்தத் தடையிலிருந்து காப்பாற்றாது. இந்த இடத்தில் ஆலோசகர் உங்களைப் பெரிய ஆபத்தில் தள்ளப் பார்த்திருக்கிறார்.

தண்டனை: முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். போலீஸே நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி உள்ளே வந்து சோதனை போடலாம், சரக்கையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம். நிறுவனம் குற்றம் செய்தால் அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களும் குற்றவாளிகள், கூட்டாண்மைக்கும் இது பொருந்தும். தம்பியும் மாட்டிக்கொள்வார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இருப்பு வைப்பதற்குத் தனிக் குற்றமும் உண்டு, ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தெரிந்தே இடம் விட்டால் ஷெட் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும்.

இனி முன்பணம். சட்டம் தடுத்த ஒன்றைச் செய்வதாகப் போட்ட ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையைச் செய்து கொடுத்தாலும் பாக்கிப் பணத்துக்கு இங்கே வழக்குப் போட முடியாது. அதனால் பணத்தைச் செலவழிக்காமல், வந்த வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். மின்னஞ்சலில் நாலு வரி போதும்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வேலை இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, ஆர்டரை ஏற்கவில்லை, தொகையைத் திருப்புகிறோம். வங்கி ரசீதையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். நிகோட்டின் ஏற்கெனவே வந்திருந்தால் அதைத் தொடாமல், கீழே கொட்டாமல், உடனே உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

வெறும் அகர் தூளை எல்லோருக்கும் விற்பதுபோல விற்பதில் தவறில்லை, அது மிட்டாய்க்கும் மருந்துக்கும் ஆய்வகத்துக்கும் போகும் பொதுச் சரக்கு. நிகோட்டின் வேலைதான் வேண்டும் என்றால் சட்டப்படி ஒரு வழி உண்டு. மருந்து, அழகுப் பொருள் சட்டப்படி உரிமம் பெற்ற தயாரிப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. புகைப்பழக்கத்தை விட உதவும் சூயிங்கமும் வில்லையும் அப்படித்தான் வருகின்றன. அந்த வில்லை செய்யும் உரிமம் பெற்ற கம்பெனிக்கு உங்கள் அகரைக் கொடுக்கலாம். நீங்களே செய்ய நினைத்தால் முதலில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் உரிமம் வாங்க வேண்டும்.